ஓரத்து நட்சத்திரம்

அவருக்கு நட்சத்திரம் உருண்டையாக இருக்க வேண்டும். அரிசி மாதிரி கொஞ்சம் நீண்டிருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். லேப்டாப்பில் படத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, என் மூக்குக்கு நேராகத் திருப்பி, "இது உருண்டையாண்ணே, சொல்லுங்க" என்பார்.

"உருண்டையாத்தான தெரியுது சார்."

"நல்லா பாருங்க."

நல்லாப் பார்ப்பேன். அவ்வளவு உற்றுப் பார்த்தால் எதுதான் உருண்டையாக இருக்கும். நான் தயங்குகிறேன் என்று தெரிந்ததும் ஒரு பொத்தானை அமுக்கி அந்தப் படத்தையே அழித்துவிடுவார். அதற்காக எவ்வளவு நேரம் பனியில் நின்றார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமே இருக்காது.

எங்கள் பக்கத்தில் அவரை எக்ஸ்ரேக்காரர் என்றுதான் சொல்வோம். டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. என் வீட்டுக்காரி வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. இவர் ஒரே கையைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார்.

"லேசா ஆடிருச்சுக்கா. இன்னொண்ணு எடுத்துக்கிருவோம்."

"எலும்பு ஒடிஞ்சிருக்கு தம்பி, ஆடாம என்ன செய்யும்" என்றாள் இவள்.

அவர் சிரிக்கவில்லை. இன்னொன்று எடுத்தார். டாக்டர் முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, இதிலேயே தெரிகிறதே என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்.

மருந்து வாங்க நின்றிருந்தபோது பக்கத்தில் வந்து, எந்த ஊர் என்று கேட்டார். கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு என்றேன்.

"பொழுது சாஞ்சா அங்கன வெளிச்சம் இருக்குமாண்ணே?"

"மோட்டார் ரூம்ல ஒரு குண்டு பல்பு எரியும் சார்."

"அத அணைச்சுக்கிரலாமா?"

என்னத்துக்கு என்று கேட்டேன். வானத்தைப் படம் எடுக்கணும் என்றார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது, வாங்க சார் என்று சொல்லிவைத்தேன். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய ஆம்னி வேன் தோப்புக்குள் வந்து நின்றது. செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏற ஆரம்பித்திருந்த காலம் அது. வேனிலிருந்து அவர் ஒவ்வொன்றாக இறக்கினார். முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய், மூன்று கால் ஸ்டாண்டு, ஒரு இரும்பு எடைக்கட்டி, ஒரு கார் பேட்டரி. கடைசியாக அவர் சம்சாரத்தைக் கையைப் பிடித்து இறக்கினார்.

அந்தம்மாவுக்குச் சர்க்கரை. இடது கண் ஏற்கனவே போய்விட்டது. வலது கண்ணில் பனி மூடின மாதிரி ஒரு பார்வை இருந்தது. இதையெல்லாம் அந்தம்மா வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டது. என்னை அண்ணே என்றும் இவளை மதினி என்றும் கூப்பிட ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான். சிரித்துப் பேசுகிற பிறவி. பிள்ளை குட்டி இல்லை.

"ஒரு புஸ்தகத்துல குதிரத் தல ஒண்ணு பாத்தேன் மதினி. வானத்துல நிக்குது, கறுப்பா. எந்த ஊர்க்காரனோ அவுக ஊரு வானத்துல எடுத்தது. நம்ம வானத்துலயும் அது இருக்கும்ல, நீங்க எடுத்துக் காட்டுங்கன்னு இவுககிட்டச் சொன்னேன். சொன்னது தப்பாப் போச்சு. எனக்குப் பார்வ இருக்கும்போதே காட்டணும்னு அன்னையிலருந்து பைத்தியமா அலையிறாக."

"அய்யனாரு குதிரையா ஆத்தா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"அவரு குதிரையாவே இருக்கட்டும்."

அந்தக் குதிரை எங்கே நிற்கிறது என்று அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். தை மாதம் இருட்டினதும் கிழக்கே மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிமிர்ந்து ஏறும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் அடியில் இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு செம்புகை கிடக்கிறதாம். அந்தப் புகைக்கு முன்னால் கறுப்பாகக் குதிரைத் தலை. வெறும் கண்ணுக்குத் தெரியாது. குழாயில் கண்ணை வைத்தாலும் தெரியாது. கேமராவைக் குழாயில் பொருத்தித் திறந்தபடியே வைத்திருந்தால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து படத்தில் விழும். வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் குழாயும் கூடவே நகர வேண்டும். அதற்கு ஒரு மோட்டார். அந்த மோட்டார் ஒழுங்காக ஓடுவதில்லை என்பதுதான் அவருடைய சண்டை.

முதல் வருடம் அவரே உட்கார்ந்து, இன்னொரு சின்னக் குழாயில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரம் விலக விலகக் கையால் பொத்தானை அமுக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். கழுத்து பிடித்துக்கொள்ளும். மறுநாள் ஆஸ்பத்திரியில் நோயாளியைவிட இவர்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார் என்று அந்தம்மா சொல்லும். அடுத்த வருடம் தானாகத் திருத்துகிற ஏற்பாட்டோடு வந்தார். பிரவுசிங் சென்டரில் முகம் பார்த்துப் பேச வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன கேமராவைப் பிரித்துச் சின்னக் குழாயின் பின்னால் ஒட்டியிருந்தார். அது ஒரே ஒரு நட்சத்திரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் இம்மி நகர்ந்தால் லேப்டாப்புக்குத் தெரிந்துவிடும். அவரே செய்த ஒரு டப்பாவில் டிக் என்று சத்தம் வரும், மோட்டார் குழாயை இழுத்து நிறுத்தும். வண்டி மாடு ஒதுங்கினால் கயிற்றை லேசாகச் சுண்டுவோம் இல்லையா, அந்த மாதிரி.

அவர் கண் எதிலும் கோணலைத்தான் பார்க்கும். மோட்டார் ரூமில் மாட்டியிருந்த சாமி படத்தை வருகிறபோதெல்லாம் ஒரு விரலால் நிமிர்த்திவிட்டுத்தான் உள்ளே போவார். ஒருநாள் நான் தென்னங்கன்று வைத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "மூணாவது கொஞ்சம் வெளிய நிக்குதுண்ணே" என்றார். கயிறு பிடித்துப் பார்த்தேன். ஒரு கட்டைவிரல் அகலம் வெளியே நின்றது. பிடுங்கி நட்டேன். எனக்கு அதில் கோபம் இல்லை. கன்று இரண்டு தடவை நட்டதில் கொஞ்சம் வாடி, பிறகு பிழைத்துக்கொண்டது.

அவர் கேமராவைத் திறந்துவிட்டால் பக்கத்தில் யாரும் நடக்கக் கூடாது. மண் அதிருமாம். என் வீட்டுக்காரி மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்தாலும், "அக்கா, ஒரு அஞ்சு நிமிசம்" என்று கையை நீட்டுவார்.

"நம்ம தோப்புல நம்ம நடக்கவும் டோக்கன் வாங்கணுமா தம்பி?"

"இந்த ஒண்ணு முடிஞ்சிரட்டும்க்கா."

அந்தம்மா வேன் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். "மதினி, வீட்லயும் இப்பிடித்தான். நான் தும்மக்கூட கேட்டுக்கிட்டுத்தான் தும்முறது."

எங்கள் நாய்க்கு மட்டும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அது இருட்டில் அவர் காலடியிலேயே போய்ப் படுக்கும், திடீரென்று எழுந்து காதை உதறும். அன்றைக்கு அந்தப் படமும் போகும்.

பள்ளத்தாக்கில் வானம் நினைத்தபோதெல்லாம் கிடைக்காது. ஆனியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் மலையிலிருந்து காற்று தோப்பையே ஆட்டிவைக்கும். பிறகு ஐப்பசி மழை. மார்கழி பிறந்தால்தான் வானம் கழுவிவிட்ட மாதிரி நிற்கும், ஆனால் பனி இறங்கும், கண்ணாடியில் பூத்துக்கொள்ளும். பனிக்கு ஒரு பெல்ட் தயார் செய்தார். உள்ளே கம்பி ஓடி லேசாகச் சூடேறுகிற துணிப் பட்டை. அதைத் தைத்தது அந்தம்மாதான். என் வீட்டுக்காரி ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, கட்டிலில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவித் தைத்தது. முன்னைக்கு இப்போது பார்வை இன்னும் மங்கிவிட்டது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பெல்ட்டைக் கையில் வாங்கியதும், தையல் ஒரு இடத்தில் கோணியிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே குழாயில் மாட்டினார். அந்த ஒரு கோணலை மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும்விட அவரைப் பாடாய்ப் படுத்தியது வடக்கு. ஸ்டாண்டின் முதுகு சரியாக வடக்கு நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டுமாம். நம் ஊரில் அது தரையை ஒட்டித்தான் தெரியும். எங்கள் தோப்பிலோ வடக்கே மட்டைகளும் அதற்குப் பின்னால் மலையும். மரத்தை வெட்டணுமா சார் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "காய்க்கிற மரத்தையாண்ணே?" என்று அவரே பதறிப்போனார். அதனால் வேறொரு நட்சத்திரத்தைப் பார்த்து, அது எந்தப் பக்கம் நழுவுகிறது என்று கவனித்து, ஸ்டாண்டை மயிரிழை திருப்பி, மறுபடியும் பார்த்து, மறுபடியும் திருப்புவார். ஒவ்வொரு சீசனும் அதிலேயே பாதி போய்விடும்.

ஒரு மார்கழியில் அதற்கும் வழி கண்டுபிடித்தார். மூன்று பட்டைக் கற்களைக் கொண்டுவந்து மண்ணில் பதித்து, ஸ்டாண்டின் கால் நிற்கிற இடத்தில் உளியால் சின்னக் குழி வெட்டினார். ஒருதரம் சரியாக வடக்கு பார்த்து வைத்துவிட்டால் போதும். அப்புறம் வந்ததும் குழியில் காலை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த மார்கழிக் கடைசியில்தான் குதிரை வந்தது. அன்றைக்கு அந்தம்மா வரவில்லை, காய்ச்சல். பல படங்களை எடுத்து லேப்டாப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். முதலில் சாம்பல் மாதிரி இருந்தது. ஏதோ அமுக்கி வெளிச்சத்தைக் கூட்டினார். என் வீட்டுக்காரிதான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, குதிர."

குதிரைதான். பிடரி வளைந்து, மூக்கு நீண்டு, கறுப்பாக நின்றது. பின்னால் அந்தச் செம்புகை. சொல்லப்போனால் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத ஆள் நான், என் தோப்புக்கு மேலே இப்படி ஒன்று நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"தம்பி, கெளம்புங்க. இப்பவே கொண்டு போயி அவகிட்டக் காட்டுங்க" என்றாள் இவள்.

அவர் மூலையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கன ஒண்ணு நீண்டிருக்குக்கா."

"நீண்டா என்ன தம்பி. அவ குதிரயத்தான கேட்டா."

"நாளான்னைக்குப் பொங்கல் லீவு. அமாவாசையும் சேந்து வருது. எல்லாம் செட்டாயிருச்சு, கல்லு கெடக்கு. நல்லதாவே எடுத்துக் காட்டிருறேன். அவளுக்கு இருக்குறதே ஒரு கண்ணு. அதுல போயி தப்பான படத்தையா காட்டச் சொல்றீக?"

அவர் பொத்தானை அமுக்கினார். என் வீட்டுக்காரி எழுந்து வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் நடந்தபோது அவர் கையை நீட்டவில்லை. கேமரா மூடித்தான் இருந்தது.

பொங்கலன்று நாங்கள் தோப்பில்தான் பொங்கல் வைத்தோம். அவர்களையும் சாப்பிட வரச் சொல்லியிருந்தோம். மத்தியானம் வேன் வந்தது. அந்தம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது. அவர் இறங்கி, அடுப்பைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"அக்கா, அந்தக் கல்லு."

"நல்ல பட்டக் கல்லா கெடந்துச்சு தம்பி. மூணும் தள்ளித் தள்ளிக் கெடந்துச்சு. கிட்டக்க இழுத்து வச்சுக்கிட்டேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவளுக்கு உறைத்துவிட்டது. கையிலிருந்த கரண்டியைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

எங்கள் பெண்களைக் குற்றம் சொல்ல முடியாது. தை முதல் தேதி, வெட்டவெளி, சூரியனுக்கு நேராக மூன்று கல். வேறு எதற்கென்று நினைப்பார்கள்.

"என்னவாம் மதினி?" என்று அந்தம்மா கேட்டது. அவர்தான் சொன்னார். கேட்டதும் அது சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் கிடக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தது. "குதிரைக்கு வச்ச கல்லுல பொங்கலே பொங்கிருச்சே. இனிமே இந்தக் கல்லு ஒங்க பேச்சக் கேக்குமா?" அவருக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் இலை போட்டுச் சாப்பிட்டோம். அந்தம்மாவுக்கு மட்டும் இனிப்பு ஒரு வாய்.

அன்று இருட்டியதும் அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். லீவு முழுக்க வடக்கைத் தேடுவதிலேயே போனது. சரியாகி வந்த அன்றைக்கு மலையிலிருந்து மேகம் இறங்கிவிட்டது. அது விலகவேயில்லை. தை முடிவதற்குள் ஒருநாள் காலையில் அந்தம்மா எழுந்து, வீட்டுக்குள் யார் மையைக் கொட்டியது என்று கேட்டிருக்கிறது. அந்தக் கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்துவிட்டது. மதுரைக்குக் கூட்டிப் போனார். லேசர் வைத்தார்கள். வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும் மிஞ்சியது.

என் வீட்டுக்காரி பார்க்கப் போன இடத்தில் அழுது தீர்த்துவிட்டாள். "என் அடுப்பாலதான தம்பி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"ஒங்க அடுப்புக்கு முந்தியே குதிர வந்துருச்சேக்கா."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. கோடையில் வேலையை விட்டுவிட்டு, அந்தம்மாவின் தங்கை இருக்கிற திண்டுக்கல் பக்கம் குடிபோய்விட்டார்கள். பிறகு தகவல் இல்லை. என் வீட்டுக்காரியும் இப்போது இல்லை. அவரை நினைத்தால் எனக்கு மாசி மாதத்தில் அவர்கள் கடைசியாக வந்ததுதான் முன்னால் வந்து நிற்கும்.

அவருக்கு வர இஷ்டமில்லை. அந்தம்மாதான் கிளப்பிக் கூட்டி வந்திருந்தது. பொழுது இறங்கியதும் வேன் கதவோரம் உட்கார்ந்துகொண்டு, "நீங்க எடுங்க. நான் சும்மா ஒக்காந்திருக்கேன்" என்றது. அவர் மறுபடி பதித்திருந்த கல்லில் ஸ்டாண்டை நிறுத்தினார், குழாயை ஏற்றினார், அந்தம்மா தைத்த பெல்ட்டைச் சுற்றினார். நல்ல வானம். காற்று இல்லை. குதிரை வந்தது. முன்னால் வந்ததைவிடத் தெளிவாக வந்தது. எனக்கே தெரிந்தது.

"வந்துருச்சா?" என்று அந்தம்மா கேட்டது.

"வந்துருச்சு."

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இவுககிட்டக் கேட்டா உருண்டையான்னு மட்டும்தான் சொல்லுவாக."

நான் என்னத்தைச் சொல்ல. லேப்டாப்புக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். "செவப்புத் தாயி. மேகமல மேல சாயங்கால வெயில் விழுமே, கடைசியா, அந்தச் செவப்பு. அதுக்கு முன்னாடி தல மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. தொழுவத்துக்குள்ளருந்து எட்டிப் பாக்குற மாதிரி. பிடரி இருக்கு. மூக்கு கொஞ்சம் மொக்கையா இருக்கு."

"கண்ணு?"

"கண்ணு தெரியல தாயி. கறுப்பாத்தான் இருக்கு."

"போதும்ணே" என்றது. அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஓரத்துல எப்பிடி?" என்று கேட்டது.

"ஒண்ணு நீண்டிருக்கு. லேசா."

"அழிச்சுராதீக."

"அழிக்கல."

அடுத்த படம் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருட்டில் அந்த டப்பாவின் சத்தம் மட்டும் கேட்டது. டிக். கொஞ்சம் கழித்து இன்னொரு டிக்.

"அது என்ன சத்தம்? இதுக்கு முந்தி கேட்டதில்லையே."

"எப்பவும் வாறதுதான். நட்சத்திரம் வெலகுனா இழுத்து நிறுத்துது."

"தொட்டுப் பாக்கவா?"

கேமரா திறந்திருந்தது. என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவர் எழுந்து போனார். அந்தம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இறக்கி, மண்ணில் ஒவ்வொரு அடியாக நடத்திக் கூட்டி வந்து, உள்ளங்கையை மோட்டார்ப் பெட்டியின் மேல் வைத்தார். டப்பா படபடவென்று அடித்துக்கொண்டது.

"நான் தொட்டதாலயா இம்புட்டு அடிக்குது?"

"ஆமா."

"எடுத்துரவா?"

"இருக்கட்டும்."

அது இரண்டு கையையும் வைத்தது. கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டது. "உள்ள என்னமோ தேடுது" என்றது. "குதிர இப்பவும் அங்கனதான நிக்குது?"

"அங்கனதான்."

நட்சத்திரத்தைத் தவறவிட்டுவிட்டு லேப்டாப் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் எத்தனையோ தடவை சோற்றுத் தட்டை விட்டு எழுந்து ஓடியிருக்கிறார். அன்றைக்கு அந்தம்மாவின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு நின்றார். லேப்டாப் கத்திக் கத்தி, தானாக ஓய்ந்தது.